ஓடுற எறும்பை நம்பாதீங்க: ஒரு பித்தளை பட்டன் செய்யலாம் வாங்க

இன்னைக்கு எபிசோடுல கோட் ரொம்பக் கம்மி, படம்தான் அதிகம். ஃபோட்டோஷாப், கிம்ப் மாதிரி மென்பொருள்ல ஒரு இடத்தை செலக்ட் பண்ணி, வெட்டி, வெப் பக்கத்துக்கு ஒரு பட்டன் செய்யறது எப்படின்னு பேசப்போறோம். பஸ்ல போயிட்டே கேட்டாலும் பரவாயில்லை, விஷயம் புரிஞ்சா போதும். வீட்டுக்குப் போய் செஞ்சு பார்த்துக்கலாம்.

"பட்டன்னா சிஎஸ்எஸ்ல நாலு வரி. அதுக்கு எதுக்கு படம்?" நியாயமான கேள்வி. மூலை வளையணுமா, நிழல் விழணுமா, கலர் மேலிருந்து கீழே மாறணுமா, எல்லாமே சிஎஸ்எஸ்லயே வந்துடும். 2011-ல வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 கூட வளைந்த மூலையைப் புரிஞ்சுக்க ஆரம்பிச்சுடுச்சு. அதனால சாதாரண பட்டனுக்குப் படம் வேண்டவே வேண்டாம்.

ஆனா ஒரு இனிப்புக் கடைக்கு தளம் செய்யறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஓனர் சொல்றார்: "தம்பி, அந்த ஆர்டர் பட்டன் நம்ம கடை பித்தளைத் தாம்பாளம் மாதிரியே இருக்கணும்." புளி போட்டுத் தேய்ச்ச கீறல், ஓரத்துல மங்கல், நடுவுல பளபளப்பு. இதை சிஎஸ்எஸ்ல எழுதி உட்கார்ந்தா விடிஞ்சுடும். தாம்பாளத்தை போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வெட்டுறதுதான் வழி. வெட்டணும்னா செலக்ஷன் தெரியணும்.

எறும்பு சொல்லும் பொய்

செலக்ட் பண்ணதும் சுத்தி ஒரு புள்ளிக்கோடு நகர்ந்துட்டே இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுக்கு 'மார்ச்சிங் ஆன்ட்ஸ்'னு பேரு. வரிசையா ஊர்ற எறும்பு. 1984-ல வந்த மேக்பெயின்ட்ல பில் அட்கின்சன் இதைக் கொண்டுவந்தார். நாற்பது வருஷம் தாண்டியும் அதே எறும்புதான் ஓடுது.

இந்த எறும்பைப் பார்த்து நாம என்ன நினைக்கிறோம்? கோட்டுக்கு உள்ளே இருக்கறது செலக்ட் ஆகியிருக்கு, வெளியே இருக்கறது ஆகலைன்னு. அது முழு உண்மை இல்லை. செலக்ஷன்கறது வேலி கிடையாது. அது உங்க படத்து மேல விரிச்ச ஒரு கருப்பு வெள்ளைப் படம். ஒவ்வொரு பிக்ஸலுக்கும் 0-லிருந்து 255 வரை ஒரு எண் இருக்கு. 255-ன்னா முழுசா செலக்ட் ஆகியிருக்கு. 0-ன்னா சுத்தமா இல்லை. நடுவுல 90, 140, 200-ன்னும் இருக்கலாம். அந்த பிக்ஸல் கொஞ்சம் மட்டும் செலக்ட் ஆகியிருக்குன்னு அர்த்தம். எறும்பு ஓடுறது சரிபாதி மதிப்பு இருக்கற இடத்துல மட்டும்தான். அதுக்கு ரெண்டு பக்கமும் பரவியிருக்கற சாம்பல் நமக்குத் தெரியாது.

ஃபோட்டோஷாப்ல சில நேரம் ஒரு எச்சரிக்கை வரும், எந்த பிக்ஸலும் 50 சதவீதத்துக்கு மேல செலக்ட் ஆகலை, அதனால விளிம்பு தெரியாதுன்னு. பலர் பயந்து கேன்சல் பண்ணிடுவாங்க. செலக்ஷன் அங்கேயேதான் இருக்கு, எறும்பு ஓட இடம் இல்லை, அவ்வளவுதான்.

நிஜமான செலக்ஷனைப் பார்க்க க்விக் மாஸ்க் இருக்கு. ஃபோட்டோஷாப்ல க்யூ கீ, கிம்ப்ல ஷிஃப்டும் க்யூவும். செலக்ட் ஆகாத இடம் சிவப்பா மூடிக்கும், பாதி ஆன இடம் வெளிர் சிவப்பா தெரியும். எதையும் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதைப் பார்த்துடுங்க.

வெட்டலாம் வாங்க

கிம்ப் இலவசம், அதனால அதுலயே சொல்றேன். பட்டன் திரையில 200-க்கு 56 பிக்ஸல் வேணும்னா, படத்தை ரெண்டு மடங்கா, 400-க்கு 112-ஆ செய்யுங்க. இப்போ போன் திரையெல்லாம் ரொம்ப நெருக்கமான பிக்ஸல். சின்னதா செஞ்சா மங்கலாத்தான் தெரியும்.

ஆர் கீ அழுத்தினா செவ்வக செலக்ஷன் வரும். பக்கத்துல இருக்கற ஆப்ஷன்ல 'ரவுண்டட் கார்னர்ஸ்' டிக் பண்ணி ரேடியஸ் 24 கொடுங்க. 'ஆன்ட்டிஅலியாசிங்' கண்டிப்பா ஆன்ல இருக்கணும். மூலையில நாம பேசின சாம்பல் பிக்ஸல்களை வைக்கறதே அதுதான். அதை எடுத்துட்டா வளைவு படிக்கட்டு மாதிரி ஆயிடும். அளவை மவுஸால இழுக்க வேண்டாம், எண்ணாவே டைப் பண்ணிடுங்க. தாம்பாளத்துல நல்ல இடமா பார்த்து வெச்சு, காப்பி பண்ணி, 'பேஸ்ட் ஆஸ்' மெனுவுல 'நியூ இமேஜ்' கொடுங்க. மூலை வளைஞ்ச பித்தளைத் துண்டு தனியா வந்துடும்.

அடுத்தது விளிம்பு. முதல்ல கேன்வாஸை நாலு பக்கமும் பத்து பிக்ஸல் பெருசாக்கிக்கோங்க. படத்தோட ஓரத்தை ஒட்டின செலக்ஷன் சில நேரம் அந்தப் பக்கம் சுருங்காது. அப்புறம் லேயர் மெனுவுல 'ஆல்ஃபா டு செலக்ஷன்'. பட்டனோட வடிவம் அப்படியே செலக்ட் ஆகும். 'ஷ்ரிங்க்' 4 பிக்ஸல். இப்போ 'இன்வர்ட்' பண்ணா சுத்தி ஒரு பட்டை மட்டும் மாட்டும். கர்வ்ஸ்ல அதைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்க. தாம்பாள விளிம்பு ரெடி. வெளி வளைவு 24, உள் வளைவு ஏறக்குறைய 20. ரெண்டுக்கும் ஒரே ரேடியஸ் வெச்சா மூலையில பட்டை தடிமனா தெரியும். சுருக்கினா அந்தக் கணக்கு தானா வந்துடும்.

அந்த வெள்ளைக் கோடு

ஓனர் வட்டமா ஒரு பட்டனும் கேட்கறார், தாம்பாளம் முழுசா. வெள்ளைத் துணி மேல வெச்சு எடுத்த ஃபோட்டோ. மந்திரக்கோல் டூலால துணியைத் தொட்டீங்க, டெலீட் பண்ணீங்க, சூப்பரா இருக்கு. கரும்சிவப்புப் பக்கத்துல போட்டா, சுத்தி நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

அது எங்கிருந்து வந்தது? விளிம்புல இருக்கற பிக்ஸல் ஒவ்வொன்னும் பாதி பித்தளை, பாதி துணி. கேமரா அதைக் கலந்துதான் பதிவு பண்ணுது. மந்திரக்கோல் "இது முழு வெள்ளை இல்லையே"ன்னு அதைத் தொடாம விட்டுடுது. துணி போயிடுச்சு, துணியோட சாயம் போகலை.

வைத்தியம் சின்னது. டெலீட் பண்றதுக்கு முன்னாடி செலக்ஷனை இன்வர்ட் பண்ணி தாம்பாளத்தைப் பிடிங்க. 'ஷ்ரிங்க்' 2 பிக்ஸல், 'ஃபெதர்' 1 பிக்ஸல். அப்புறம் காப்பி. கலப்பட பிக்ஸல் வெளியே போயிடும், புது விளிம்பு சுத்தமான பித்தளையா இருக்கும்.

ஜிஃப் காலத்துல இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஜிஃப்ல ஒரு பிக்ஸல் தெரியும், இல்லைன்னா தெரியாது. நடுவுல எதுவும் கிடையாது. பிஎன்ஜி-யில 256 நிலை உண்டு, செலக்ஷன்ல பார்த்த அதே சாம்பல். ஆனா இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அதை ஒழுங்கா காட்டாது. 2006-ல ஏழாவது பதிப்பு வந்த பிறகுதான் பிஎன்ஜி நிம்மதியா மூச்சு விட்டுது. இப்போ தைரியமா பிஎன்ஜி, இல்லைன்னா வெப்பி-யில சேமியுங்க.

எழுத்தை மட்டும் விட்டுடுங்க

இதுவரைக்கும் விட இதுதான் முக்கியம். பட்டன் அழகா வந்துடுச்சு. அப்படியே டெக்ஸ்ட் டூல் எடுத்து "ஆர்டர் செய்ய"ன்னு அதுலயே எழுதிடலாம்னு கை பரபரக்கும். வேண்டாம்.

ஃபோட்டோஷாப்ல சரியான டெக்ஸ்ட் ஆப்ஷன் ஆன்ல இல்லைன்னா தமிழ் உடையும். 'செய்ய'வுல கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும். ஊர்ல எத்தனை ஃப்ளெக்ஸ்ல இதைப் பார்த்திருக்கோம்! ஆனா இது சின்னப் பிரச்சினை, திருத்திக்கலாம்.

பெரிய பிரச்சினை வேற. பார்வையில்லாத ஒருத்தர் போன்ல டாக்பேக் போட்டு அந்தக் கடைக்குள்ள வர்றார். தீபாவளிக்கு ரெண்டு கிலோ மிக்ஸர் வேணும். எல்லாத்தையும் தமிழ்ல வாசிச்சுக் காட்டின போன், உங்க பட்டன்கிட்ட வந்ததும் வெறுமனே "பட்டன்"னு சொல்லும். இல்லைன்னா ஃபைல் பேரைப் படிக்கும். படத்துக்குள்ள இருக்கற எழுத்து அதுக்கு வெறும் பித்தளை மேல இருக்கற கறை. கடையோட மத்த பட்டன் எல்லாம் வேலை செஞ்சு, காசு வாங்கற பட்டன் மட்டும் அவருக்குக் கதவை மூடினா எப்படி? எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கற நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கும் இதே கதிதான். படம் பெருசாகும், எழுத்து மங்கும்.

2000-களோட தொடக்கத்துல பல தமிழ்த் தளங்கள்ல மெனு படமாத்தான் இருந்தது. எல்லார் கணினியிலயும் தமிழ் எழுத்துரு இருக்கும்னு நம்ப முடியாத காலம், வேற வழியில்லை. இன்னைக்கு அந்தக் காரணம் கிடையாது.

அதனால பித்தளை மட்டும் படம். அதை ஹெச்டிஎம்எல் பட்டனுக்குப் பேக்ரவுண்டா போடுங்க, "ஆர்டர் செய்ய"ங்கறதை நிஜ எழுத்தா எழுதுங்க. ஆனா பளபளக்கற பித்தளை மேல எழுத்து தெரியணுமே? இங்கேதான் செலக்ஷன் மறுபடி உதவும். எழுத்து வரப்போற நடுப்பகுதியை செலக்ட் பண்ணி, 'ஃபெதர்' 15 கொடுத்து, கர்வ்ஸ்ல நல்லா இருட்டாக்குங்க. எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுதுன்னு தெரியாம மங்கலா கலந்துடும், வெள்ளை எழுத்து பளிச்சுன்னு நிக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைஞ்சது 4.5-க்கு 1 இருக்கணும்னு வெப் அணுகல் வழிகாட்டி சொல்லுது. அளக்கும்போது எழுத்துக்குப் பின்னாடி இருக்கற பித்தளையோட வெளுப்பான இடத்துல அளங்க. அங்கே பாஸ் ஆனா எல்லா இடத்துலயும் பாஸ்.

கடைசியா ஒரு சோதனை. பட்டனைத் தளத்துல போட்டதும் போன்ல டாக்பேக் ஆன் பண்ணி, கண்ணை மூடிட்டு அதைத் தொடுங்க. "ஆர்டர் செய்ய, பட்டன்"னு காதுல விழுந்தா வேலை முடிஞ்சது. ஓனர்கிட்ட போய் கால் கிலோ மைசூர்பா கேட்டு வாங்கிக்கலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.