தாத்தாவின் வின்செஸ்டருக்கு என்ன விலை?



பெங்களூர் சிவாஜிநகரில் எதற்கும் ஒரு விலை உண்டு. ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் நடந்தால், பிரித்துப்போட்ட காரின் கதவு, கியர் பெட்டி, முகப்பு விளக்கு எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். கடைக்காரர் பொருளை ஒரு தரம் புரட்டிப் பார்த்து விலை சொல்வார். நாம் பாதிக்குக் கேட்போம். நடுவில் எங்காவது படிந்துவிடும். ஆனால் அந்தச் சந்துக்குக் கொண்டுபோகக் கூடாத பழைய பொருள் ஒன்று இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி. அதற்கு என்ன விலை தேறும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தப் பகுதியில் துப்பாக்கி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 1809-இல் ஆங்கிலேயர் பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கிய இடம் இது. ஊர்ப் பேச்சில் தண்டு. பட்டாளத்தோடும், பட்டாளத்துக்குச் சரக்குக் கொடுக்கவும் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். சிவாஜிநகருக்கு அப்போது பிளாக்பள்ளி என்று பெயர். அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை. இந்தப் பக்கம் ரயில்வே ஆங்கிலோ இந்தியர்கள், குத்தகைதாரர்கள், வியாபாரிகள். காடும் தூரத்தில் இல்லை. ஓசூரைத் தாண்டினால் தேன்கனிக்கோட்டை, அதற்கப்பால் அஞ்செட்டி.

அந்தக் காடுகளை ஆங்கிலம் படிக்கும் உலகத்துக்கே அறிமுகப்படுத்தியவர் பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன். 1910-இல் பிறந்தவர், பிஷப் காட்டன் பள்ளியில் படித்தவர், இங்கே விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 1974-இல் காலமானவர். ஜவளகிரிப் பெண்புலி, சிவனப்பள்ளிக் கருஞ்சிறுத்தை என்று அவர் எழுதிய கதைகளில் அவரைவிட்டுப் பிரியாமல் வரும் துணை ஒன்று உண்டு. 405 போர் (குழல் அளவு) வின்செஸ்டர், 1895-ஆம் ஆண்டு மாடல். பணம் படைத்தவர்கள் லண்டனில் சொல்லிச் செய்த இரட்டைக்குழல் ரைஃபிளோடு காட்டுக்குப் போன காலத்தில், சம்பளக்காரரான அவர் அமெரிக்கத் தொழிற்சாலைச் சரக்கான லீவர் ரைஃபிளோடு போனார். அதனால் இந்த ஊரில் லீவர் வைத்த பழைய வின்செஸ்டர் எங்கே தலைகாட்டினாலும், 'ஆண்டர்சன் துப்பாக்கி' என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். விலையைப் பற்றிய குழப்பம் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

லீவர் ரைஃபிளைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. விசையைச் சுற்றியிருக்கும் வளையம் பின்னால் நீண்டு கைப்பிடியாக இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முனை கூரான தோட்டாவை அதில் போடக் கூடாது. உதைப்பின் அதிர்ச்சியில் முன்னால் இருக்கும் தோட்டாவின் பொட்டில் குத்தி வெடித்துவிடும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1895 மாடலில் குழாயை எடுத்துவிட்டு, லீவருக்கு முன்னால் பெட்டி வைத்தார். அந்தப் பெட்டி வயிறுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். அடையாளம் காண அது ஒன்றே போதும். 405 தோட்டா 1904-இல் வந்தது. குண்டு மட்டுமே 19 கிராமுக்கு மேல். தோளில் அறையும் அறையும் அதற்கேற்ப இருக்கும். அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டிறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் இதைத்தான்.

இனி விலைக்கு வருவோம். 1895 மாடலில் மொத்தம் சுமார் 4,26,000 செய்தார்கள். அதில் ஏறக்குறைய 2,94,000 முதல் உலகப் போரின்போது ருஷ்யப் படைக்குப் போனவை. 1894 மாடலோ 70 லட்சத்துக்கும் மேல். ஆகவே 'வின்செஸ்டர்' என்ற பெயருக்காக மட்டும் யாரும் பணம் தர மாட்டார்கள். எந்த மாடல், எந்த போர், எந்த வருடம் என்று கேட்பார்கள். வருடத்தைத் தொடர் எண் சொல்லும். பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்தத் துப்பாக்கி எந்த போரில், எந்த வடிவில், எந்தத் தேதியில் வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். ஆனால் 1895 மாடலுக்கு 59,999 வரையிலான எண்களுக்குத்தான் பதிவேடு உண்டு. அதற்கு மேற்பட்ட எண் என்றால் துப்பாக்கியே தன் கதையைச் சொல்ல வேண்டும்.

அது சொல்லும், நாம் கெடுக்காமல் இருந்தால். இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். ஆயுத பூஜைக்கு ஒரு நாள் முன்பு உப்புத்தாள் வாங்கிவந்து குழலைப் பளபளவென்று தேய்ப்பது, கட்டைக்கு வார்னிஷ் அடிப்பது, சந்தனம் குங்குமம் வைப்பது. சந்தனத்தால் ஒன்றும் ஆகாது, துடைத்துவிடலாம். உப்புத்தாள் போட்டால் போட்டதுதான். நூறு வருடத்தில் கருநீலம் மங்கிப் பழுப்பேறிய இரும்பு, கைபட்டுக் கறுத்த வால்நட் கட்டை, இவற்றுக்குத்தான் சேகரிப்பவர் காசு கொடுக்கிறார். புளி போட்டுத் துலக்கிய பழைய நாணயத்தை நாணயக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார் அல்லவா, அதே கதைதான். புதிதாக நீலம் ஏற்றிய துப்பாக்கியின் விலை பாதியாகக்கூட விழும். தெரிந்தவர் முதலில் பார்ப்பது திருகாணித் தலைகளை. அதன் பள்ளம் சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார் என்று அர்த்தம். அடுத்தது, கட்டையும் இரும்பும் சேரும் இடம். தொழிற்சாலையில் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும்படி விட்டிருப்பார்கள். இரும்பைவிட மரம் தாழ்ந்திருந்தால் இழைத்துவிட்டார்கள். தொலைநோக்கி மாட்டப் பிற்காலத்தில் போட்ட துளைகள் இருந்தால் இன்னும் மோசம்.

பிறகு குழலின் உட்புறம். லீவரைக் கீழே தள்ளி, தோட்டா ஏதும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, திறந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முனையிலிருந்து பார்க்க வேண்டும். மரை கூர்மையாகச் சுழன்று தெரிய வேண்டும். அக்காலத் தோட்டாக்களின் பொட்டு மருந்து வெடித்தபின் குழலில் ஒருவகை உப்பை விட்டுச்செல்லும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வேட்டை முடிந்த அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போட்டவரின் குழல் இன்றும் மின்னும். மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் சாய்த்தவரின் குழல் அம்மைத் தழும்பாக இருக்கும். என்னைக் கேட்டால் ஒரு வேட்டைக்காரரின் குணத்தை அறிய இதைவிட நல்ல சாட்சி கிடையாது. குழலின் மேல் விற்ற கடையின் பெயர் வெட்டப்பட்டிருந்தால் அதுவும் கூடுதல் மதிப்பு. சென்னை மவுண்ட் ரோடில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்ற கடைதான்.

நல்ல நிலையில் இருக்கும் அசல் 405 அமெரிக்காவில் சில ஆயிரம் டாலருக்குப் போகிறது. இதைக் கேள்விப்பட்டவுடன் நம் வீட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்ளும்: 1980-களில் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால், இங்கே பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிக்குப் பல லட்சம் கேட்கிறார்களே, ரைஃபிளுக்கும் வராதா? வராது. கைத்துப்பாக்கியை வாங்குகிறவர் தற்காப்புக்கு வாங்குகிறார். வேட்டை ரைஃபிளின் வேலையே 1972-ஆம் வருடத்து வன உயிரினச் சட்டத்தோடு போய்விட்டது. மேலும், 405 தோட்டா நம் நாட்டில் செய்யப்படுவதில்லை. புனே கட்கியில் இருக்கும் தோட்டாத் தொழிற்சாலை 315-க்கும் 30-06-க்கும் தோட்டா செய்கிறது. ஆகவே அதே 1895 மாடல் 30-06 போரில் இருந்தால் சுடுகிறவர் ஒருவராவது விலை கேட்பார். 303 போரில் இருந்தாலோ நிலைமை தலைகீழ். அது ராணுவத் தோட்டா. தடைசெய்யப்பட்ட போர் என்ற கணக்கில் வந்துவிடும். சாதாரண லைசென்ஸ்காரர் வாங்க முடியாது. ஒரே மாடல், ஒரே தொழிற்சாலை. குழலில் பொறித்த எண்ணை வைத்து ஒன்றுக்கு ஆள் இருக்கிறார், இன்னொன்றுக்கு இல்லை.

2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்று வைத்திருந்தவர் எதை விடுவார்? தோட்டா கிடைக்காத பழையதைத்தான். வாங்க நினைப்பவருக்கும் லைசென்ஸில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். விற்பவர் கூடி, வாங்குபவர் குறைந்த சந்தை இது.

ஆண்டர்சன் பெயர் சொல்லி விலை ஏற்றலாமா என்றால், ஏற்றலாம், எழுத்தில் இருந்தால். பழைய லைசென்ஸ் புத்தகத்தில் தயாரிப்பாளர் பெயர், போர், எண் மூன்றும் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாக இருந்து, புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமிருந்து கைமாறிய ரசீதும் இருந்தால்தான் அது சாட்சி. தாத்தா சொன்னார், மாமா சொன்னார் என்பதெல்லாம் குடும்பக் கதை. கரையான் அரித்தது என்று அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடும் வீடுகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. துப்பாக்கியோடு தாத்தா நிற்கும் போட்டோவையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால், விலை விசாரிப்பதற்கு முன்பே துப்பாக்கியைத் தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். குறித்த காலத்துக்குள் வாரிசு லைசென்ஸ் எடுக்காமலும் விற்காமலும் விட்டால், அது அரசாங்கத்துக்குப் போய்விடும். பெங்களூரில் வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பது போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில். லைசென்ஸ் வந்தபின் வேறொரு லைசென்ஸ்காரருக்கு நேரடியாக விற்பதென்றால், விற்கப்போகிறேன், இன்னாருக்கு விற்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் பொறுக்க வேண்டும். துப்பாக்கியைக் கடையிலேயே வைத்திருந்தால் மாதாமாதம் காப்புக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். வாங்குபவர் விலை பேசும்போது அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.