லென்ஸைப் பார்த்துச் சம்பந்தம் பேசுங்கள்!

(தலைப்பு: ஆசைக்குப் படம் எடுப்பவருக்குப் பெரிதும் துணை நிற்பது கேமராவா? லென்ஸா? கண்ணா? – சங்கரன்கோவில் பட்டிமன்றத்தில் லென்ஸ் அணியின் நிறைவுப் பேச்சு)

நடுவர் அவர்களே! கேமராவின் பக்கமும் கண்ணின் பக்கமும் நின்றுகொண்டு, நடுவிலே இருக்கிற லென்ஸை இரண்டு பக்கமும் இடித்துத் தள்ளிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! மணி ஒன்பதைத் தாண்டியும் எழுந்து போகாத சங்கரன்கோவில் பெருமக்களே, தாய்மார்களே!

நான் எழுந்து வந்ததும் முன் வரிசையிலே இருபது செல்போன் மேலே போச்சு. ஆகா, நம்ம மூஞ்சிக்கும் இந்த ஊர்லே மதிப்பு இருக்குன்னு நினைச்சேன். பிறகுதான் தெரியுது, எனக்குப் பின்னாலே இருக்கிற அலங்கார விளக்கை எடுக்கிறாங்க! (சிரிப்பு)

ஐயா, இன்றைக்கு நாம் யாருக்காகப் பேசுகிறோம்? கல்யாண வீடு எடுக்கிற ஸ்டூடியோ அண்ணாச்சிக்காக அல்ல. அவருக்குக் கேமரா என்பது உழவனுக்கு ஏரும் மாடும் மாதிரி. போட்ட பணம் திரும்பி வரும். நாம் பேசுவது ஆசைக்குப் படம் எடுக்கிறவருக்காக. பள்ளிக்கூட வாத்தியார், வங்கி ஊழியர், கல்லூரி மாணவன். சம்பளத்திலே மிச்சம் பிடித்து, வீட்டிலே ஆறு மாதம் கெஞ்சி, வாழ்நாளிலே ஒரு தடவை வாங்குகிறவர். அவர் கடைக்குப் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? அதுதான் வழக்கு.

கேமரா அணித் தலைவர் வந்தார். 'மிரர்லெஸ், மிரர்லெஸ்' என்று முழங்கினார். பக்கத்திலே ஒரு அம்மா கேட்கிறாங்க, "கண்ணாடி இல்லேன்னா மூஞ்சி எப்படிங்க தெரியும்?" (சிரிப்பு) நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவிலே லென்ஸுக்குப் பின்னாலே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். உள்ளே வருகிற ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பித்தானை அழுத்தினால் கண்ணாடி 'டக்'கென்று மேலே போய் ஒளிக்கு வழிவிடும். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்ஸாரிலே விழுகிற காட்சியை அப்படியே சின்னத் திரையிலே காட்டுவதுதான் மிரர்லெஸ். 2008-ல் பானசோனிக் ஜி1 வந்தது. 2013-ல் சோனி ஏ7 வந்தது. 2018-ல் நிக்கானும் கேனனும் பெரிய சென்ஸாரோடு இந்தக் களத்திலே இறங்கினார்கள். இப்போது வருகிற புது மாடல் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆனால் கண்ணாடியை எடுத்ததாலே என்ன நடந்தது என்பதை அவர் மறைத்துவிட்டார். அது லென்ஸுக்குக் கிடைத்த லாபமய்யா! நிக்கானின் பழைய எஃப் வரிசையிலே லென்ஸ் மாட்டுகிற வாய்க்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர். புதிய இசட் வரிசையிலே அது 16 மில்லிமீட்டர். நடுவிலே மிச்சமான இடத்திலே ஒரு வளையத்தை வைத்தால், அப்பா காலத்து லென்ஸையும் மாட்டிக்கொள்ளலாம். பலவற்றிலே ஃபோகஸைக் கையாலேதான் திருப்ப வேண்டும். திருப்பினால் என்ன, நாம் என்ன பந்தயத்துக்கா போகிறோம்? மாமா பீரோவிலே முப்பது வருடமாகத் தூங்குகிற லென்ஸ் எழுந்து வேலைக்கு வருகிறது. அந்த மாமாவின் பழைய கேமராவுக்குப் பிலிம் தேடவே இப்போது ஊர் ஊராக அலைய வேண்டும்! (கைதட்டல்)

கடைக்குப் போனால் விற்பவர் ஒரு கேள்வி கேட்பார். "பாடி மட்டும் போதுமா சார்?" பதறாதீர்கள். (சிரிப்பு) லென்ஸ் இல்லாத வெறும் கேமராவைத்தான் பாடி என்கிறார்கள். பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது நடுவர் அவர்களே! லென்ஸ் இல்லை என்றால் அது வெறும் பாடிதான்! (பலத்த கைதட்டல்)

பொண்ணு கொடுக்கப் போகிறோம். மாப்பிள்ளை நல்ல சிவப்பு, நல்ல உயரம். மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுத் தாம்பூலம் மாற்றுவோமா? குடும்பத்தை விசாரிக்க மாட்டோமா? கேமராவிலே குடும்பம் என்பது மவுண்ட். லென்ஸ் மாட்டுகிற வாய். இன்றைக்கு எந்த வாயை வாங்குகிறீர்களோ, நாளைக்கு அந்த வாய்க்கு ஏற்ற லென்ஸைத்தான் வாங்கியாக வேண்டும். நிக்கான் 1 என்று ஒரு குடும்பம் 2011-ல் வந்தது. குட்டியாக, அழகாக இருந்தது. 2018-ல் மூடிவிட்டார்கள். கேனன் இஓஎஸ் எம் 2012-ல் வந்து, 2023-ல் கதை முடிந்தது. அந்தக் குடும்பத்து லென்ஸைக் கேனனின் புது ஆர் வரிசையிலே மாட்ட வழியே இல்லை. நல்ல லென்ஸ்தான், ஆனால் புக்ககம் இல்லாத பொண்ணு மாதிரி நிற்கிறது.

அதனாலே கடையிலே முதல் கேள்வி என்ன கேட்கணும்? "இந்த மவுண்டுக்கு என்னென்ன லென்ஸ் வருது, வெளிக் கம்பெனி லென்ஸ் உண்டா, பழசு கிடைக்குமா?" சோனி இ மவுண்டுக்கு சிக்மா, டாம்ரான் என்று வெளியார் லென்ஸ் ஏராளம். பானசோனிக்கும் ஒலிம்பஸும் 2008-லேயே ஒரே வாயைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். கேனனின் ஆர்எஃப் வீட்டுக் கதவு ரொம்ப நாள் சாத்தியே இருந்தது. 2024-லேதான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் திறந்தது. அதுவும் சின்ன சென்ஸாருக்கான லென்ஸ்களோடுதான் தொடங்கினார்கள். யார் உசத்தி, யார் மட்டம் என்று நான் சொல்லவில்லை. விசாரித்துவிட்டுத் தாம்பூலம் மாற்றுங்கள் என்கிறேன்.

அடுத்து கேமரா அணித் தலைவர் 'மெகாபிக்சல்' என்று ஏழு தடவை சொன்னார். நான் எண்ணினேன். 24 மெகாபிக்சல் படம் என்றால் ஆறாயிரத்துக்கு நாலாயிரம் புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து நல்ல அச்சாகப் போட்டாலும் 20 அங்குலம், 13 அங்குலம் வரும். நம்ம வீட்டுச் சுவரிலே அதைவிடப் பெரிய படத்துக்கு ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரா? (சிரிப்பு)

'முழு சென்ஸார் வாங்கு, இருட்டிலும் படம் தெளிவாக வரும்' என்றார். சரி, கணக்குப் போடுவோம். முழு சென்ஸார் 36-க்கு 24 மில்லிமீட்டர். அதற்கு அடுத்த அளவான ஏபிஎஸ்-சி சென்ஸார் சுமார் 23.5-க்கு 15.6. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். பெரியது சின்னதைப்போல ரெண்டேகால் மடங்கு, கொஞ்சம் கூட. அவ்வளவுதான். அதற்காகக் கொடுக்கிற விலையோ பல பேருக்கு இரு மடங்கு.

இப்போது லென்ஸுக்கு வருகிறேன். கேமராவோடு பெட்டியிலே சேர்த்துக் கொடுக்கிற ஜூம் லென்ஸைத் திருப்பிப் பாருங்கள். நீட்டிய நிலையிலே எஃப் 5.6 என்றோ 6.3 என்றோ போட்டிருக்கும். அந்த எண் பெரிதானால் ஒளி நுழைகிற துளை சிறிது. அதை எடுத்துவிட்டு எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். 5.6 இருந்த இடத்திலே 1.8 வந்தால் உள்ளே வருகிற ஒளி ஏறத்தாழப் பத்து மடங்கு! சென்ஸாரை மாற்றினால் ரெண்டேகால், லென்ஸை மாற்றினால் பத்து. இதிலே எது பெரிதென்று கேட்கக் கணக்கு வாத்தியார் எதற்கு, காய்கறி வாங்குகிற நம்ம ஆத்தா போதும்! (கைதட்டல்)

பிரியாணிக்குப் பேர்போன ஊரிலே பேசுகிறேன். அண்டாவை ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிவிட்டு, அரிசிக்கும் கறிக்கும் காசில்லாமல் நிற்கிற சமையற்காரரை என்ன சொல்வீர்கள்? (சிரிப்பு) கேமராவுக்கே கையிருப்பு முழுவதையும் கொட்டுகிறவர் அவர்தான்.

என்னிடம் படித்த ஒரு பையன், இந்தப் பக்கத்துக்காரன். அப்பாவுக்கு விசைத்தறியிலே வேலை. பையன் படித்து முடித்து, ஒரு வருடச் சம்பளத்திலே எழுபதாயிரம் சேர்த்து வைத்திருந்தான். அவன் மனசிலே குறித்து வைத்த கேமரா ஒன்றரை லட்சம். மிச்சத்துக்கு மாதத் தவணை போட வேண்டும். அப்பா என்னைத் தேடி வந்தார். "தம்பி ஆசப்படுதான் சார். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா தவணைன்னா எனக்கு வயித்தக் கலக்குது. நீங்க சொன்னா கேப்பான்" என்றார். அந்தத் தலைமுறைக்குத் தெரியுமய்யா தவணை என்றால் என்னவென்று.

பையனைக் கூப்பிட்டேன். "எதைத் தம்பி படம் எடுக்கப் போற?" என்று கேட்டேன். கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்து என்று சொல்லியிருந்தால் நீளமான லென்ஸுக்குப் பணம் ஒதுக்கு என்றிருப்பேன். அதற்குச் சின்ன சென்ஸார்தான் லாபம். 300 மில்லிமீட்டர் லென்ஸ் 450 போலக் காட்டும். கழுகுமலை வெட்டுவான் கோயில் என்றிருந்தால் அகலமாகக் காட்டுகிற லென்ஸ். அவன் சொன்னான், "வீட்டு ஆளுகளத்தான் சார். வீட்டுக்குள்ள, தறிக்கூடத்துல." வீட்டுக்குள்ளே என்றால் இருட்டு. இடமும் குறைவு. ரெண்டு வருடம் ஓடிய பழைய பாடி ஒன்று, 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. தவணை இல்லாமல் முடிந்தது.

ஒரு மாதம் கழித்துப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். தறிக்கூடத்திலே அப்பா. ஒரு டியூப் லைட் வெளிச்சம். முகம் அசையாமல் தெளிவாக இருக்கிறது. தறியிலே ஓடுகிற நாடா மட்டும் ஒரு வெள்ளைக் கோடாக இழுத்திருக்கிறது. செகண்டிலே ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் என்றான். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரிலே எடுத்தபோது டியூப் லைட் துடிப்பாலே படத்திலே பட்டை பட்டையாகக் கோடு விழுந்ததாம். அதை விட்டுவிட்டுச் சாதா ஷட்டருக்கு மாறி எடுத்திருக்கிறான். மிரர்லெஸ் வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதா ஷட்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தை அவன் அப்பாவிடம் கொடுத்தபோது அவர் சொன்னாராம், "தறியில நிக்கிற என்னைய நானே இப்பத்தாம்ல பாக்கேன்." முப்பது வருடம் வேலை பார்த்த மனுசர். அதுவரை அவருக்கு இருந்த படம், கல்யாணப் படம் ஒன்று, ரேஷன் கார்டிலே ஒன்று. (நீண்ட கைதட்டல்)

கண் அணியின் சகோதரி நல்லாப் பேசினாங்க. 'செல்போனே போதும், பார்க்கிற கண் வேணும்' என்றார்கள். பள்ளி ஆண்டு விழாவிலே பதினைந்தாவது வரிசையிலே உட்கார்ந்திருக்கிற தகப்பனுக்குக் கண் இருக்கிறது, ஆசை இருக்கிறது. மேடையிலே ஆடுகிற மகள் முகம் செல்போனிலே கடுகு அளவு! ஆடித்தபசு அன்று சாயங்காலம் விளைச்சலை வாரிச் சூறை விடுகிறார்களே, பருத்தியும் வத்தலும் ஆகாயத்திலே பறக்கிறதே, அதைக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எடுக்க எந்தக் கண் போதும்?

சகோதரி மா. கிருஷ்ணனைச் சாட்சிக்கு அழைத்தார்கள். நெல்லைச் சீமையிலே 1912-ல் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். காட்டு யானையைக் கறுப்பு வெள்ளையிலே காட்டியவர். 1970-ல் பத்மஸ்ரீ. 'அவரிடம் என்ன பெரிய கேமரா இருந்தது?' என்று கேட்டார்கள். அம்மா, அந்தச் சாட்சி என் சாட்சி! அவர் கையிலே இருந்தது ஒரு கம்பெனிப் பாடி, வேறொரு கம்பெனியின் தொலைவு லென்ஸ், இடையிலே அவரே சேர்த்துக்கட்டிய சாமான்கள். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பேர் வேறு வைத்திருந்தார். கண் மட்டும் போதும் என்றால் அந்தப் பெரியவர் எதற்கு அவ்வளவு பாடுபட்டு வேற்றுக் கம்பெனி லென்ஸைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும்? (கைதட்டல்)

கேமரா அணிக்கும் ஒரு நியாயம் உண்டு, மறுக்க மாட்டேன். இப்போது வருகிற மிரர்லெஸ் மனுசக் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்கிறது. ஓடுகிற பேரனை எடுக்க அது பெரிய உதவி. சில பாடியிலே கையாட்டத்தைத் தாங்கும் அமைப்பும் இருக்கிறது. ஆனால் அது நம்ம கையாட்டத்தைத்தான் தாங்கும். பேரன் ஆட்டத்தைத் தாங்காது. அதற்கு ஒளி வேண்டும், ஒளிக்கு லென்ஸ் வேண்டும். மறுபடி என்னிடம்தான் வர வேண்டும்!

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. பழைய லென்ஸ் வாங்கினால் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிட்டு வாருங்கள். நல்ல லென்ஸை வாங்கித் துணி பீரோவிலே புடவைக்கு நடுவே பத்திரமாக வைக்காதீர்கள். அங்கேதான் ஈரம் நிற்கும், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவிலே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நிறம் மாறுகிற வகை வாங்கினால், நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். குற்றாலத்துக்குக் கொண்டுபோனால் சாரலுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. குறைந்த விலைக் கேமராவுக்குச் சாரல் ஆகாது.

நடுவர் ஐயா மணியிலே கை வைத்துவிட்டார். முடிக்கிறேன். ஐயா, ஒரே ஒரு விண்ணப்பம். இந்த ஊர்லே சாமி பாதி சங்கரன், பாதி நாராயணன். சாயங்காலம் கோயிலுக்குப் போய் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதே ஞாபகத்திலே கேமராவுக்குப் பாதி, லென்ஸுக்குப் பாதி என்று தீர்ப்பை முடித்துவிடாதீர்கள். மூன்று அணி வந்திருக்கிறோம், கண் அணிச் சகோதரி வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியிருக்கும். (சிரிப்பு)