மலைநாட்டு இஸ்தோப்பும் மார்கழிக் குளிரும்

வீட்டின் முன்புறத்தே கூரையிட்டுப் பக்கம் திறந்து கிடக்கும் இடத்திற்கு இலங்கைத் தமிழரிடையே பெயர் ஒன்றன்று. யாழ்ப்பாணத்தார் அதனை விறாந்தை என்பர். அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் இஸ்தோப்பு என்பர். ஒல்லாந்தரின் சொல்லொன்று சிங்களத்தின் வழியே தேயிலைத் தோட்டங்களை அடைந்து அவ்வுருப் பெற்றது. சொற்கள் இரண்டும் கடல் கடந்து வந்தவையே. ஆயின், அவை குறிக்கும் இடங்களின் தேவை வேறு வேறு. யாழ்ப்பாணத்து விறாந்தை நிழலையும் காற்றையும் நாடுவது. மலைநாட்டு இஸ்தோப்போ மார்கழி, தை மாதங்களில் வெயிலை வரவேற்று, காற்றை வெளியே நிறுத்த வேண்டுவது.

வெப்ப நாட்டில் குளிர்காலம் ஏது என்று கொழும்பு நேயர்கள் வினவக்கூடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. தேயிலைக் கொழுந்து அதனாற் கருகுவதும் உண்டு. 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறையும், அதன் முன்னே ஓர் இஸ்தோப்பும்: பழைய லயங்களில் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்தது பெரும்பாலும் இவ்வளவே. இன்றும் பல குடும்பங்கள் அத்தகைய லயங்களிலேயே வாழ்கின்றன. பாட்டி அமர்வதும், வந்த விருந்தினர் இருப்பதும், பிள்ளை புத்தகத்தை விரிப்பதும் அந்த இஸ்தோப்பில்தான். பல வீடுகளில் அடுப்பும் அங்கேதான். ஆகவே அவ்விடத்தைக் குளிரினின்று காப்பது சொகுசு பற்றிய பேச்சன்று.

குளிரினும் கொடியது காற்று. மனித உடலைச் சுற்றி மெல்லியதொரு சூடான காற்றுப் படலம் எப்பொழுதும் இருக்கிறது. வீசுங்காற்று அதனை ஓயாமல் கவர்ந்து செல்கிறது. உடல் மீண்டும் மீண்டும் புதிய படலத்தைச் சூடாக்க வேண்டியதாகிறது. மார்கழியில் வீசுவது வடகீழ்ப் பருவக்காற்று. எனவே வடக்கும் கிழக்கும் நோக்கிய பக்கங்களுக்கே முதலில் தடுப்பு வேண்டும். அத்தடுப்பும் கூரைவரை உயர வேண்டுவதில்லை. வாங்கில் அமர்ந்திருப்பவரின் தலை மறையும் உயரத்திற்குப் பலகையோ, இரட்டையாகத் தைத்த சாக்கோ போதும். மேற்பகுதி திறந்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் பின்னர் வரும்.

வெயிலைப் பற்றிக் கிரேக்க ஞானி சோக்கிரதீசு ஓர் யோசனை கூறியதாக அவர் மாணாக்கர் செனபோன் எழுதி வைத்துள்ளார். தெற்கு நோக்கிய முன்றிலில் குளிர்காலத்துச் சூரியன் உள்ளே புகும். கோடையிலோ அது கூரைக்கு மேலே சென்று நிழல் தரும் என்பது அதன் சாரம். ஏதென்சு நகருக்கு இது மிகப் பொருந்தும். இலங்கைக்கு அவ்வளவு பொருந்தாது. மார்கழி நண்பகலிலும் இங்கே சூரியன் அறுபது பாகை உயரத்தில் நிற்கிறது. எட்டடி உயரத் தாழ்வாரத்தின் கீழே அவ்வெயில் ஐந்தடி தூரங்கூட உட்செல்லாது. இங்கே துணை செய்வது காலை வெயிலே. கிழக்கு நோக்கிய இஸ்தோப்பில் காலை எட்டு மணி வெயில் உட்சுவர்வரை செல்லும். ஆனால் கிழக்கிலிருந்தே குளிர்காற்றும் வருகிறதே! அதனாற்றான் அப்பக்கத்துத் தடுப்பு நிலையானதாக இராமல், சுருட்டி மேலே கட்டத்தக்க சாக்காக இருத்தல் நலம்.

தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்திற்கு இழக்கிறது. கூரையின் கீழ் இருப்பவர் அவ்விழப்பினின்று ஓரளவு தப்புகிறார். எனினும் தகரக் கூரை தானே விரைந்து குளிர்ந்துவிடும். கேத்திலின் ஆவியும் மனிதரின் மூச்சும் அதன் அடியிற் பட்டு நீராகிச் சொட்டும். தகரத்துக்குக் கீழே நான்கு விரற்கடை இடைவெளி விட்டுப் பலகையோ பாயோ பரப்பினால், இடையே அகப்பட்ட காற்றே போர்வையாகிவிடும். அடுப்புக்கு நேர் மேலே பாய் ஆகாது. பொறி பறந்தால் வீடே போய்விடும். சீமெந்துத் தரைக்குச் சாக்கு விரிப்புப் போதும்.

இனி நெருப்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு நன்றாக எரியும், புகையும் மிகுதி. புகையைக் கண்டு மக்கள் அஞ்சுகின்றனர். கண்ணெரிச்சலால் எழுந்து வெளியே செல்கின்றனர். அந்த அச்சம் அவர்களைக் காக்கிறது. புகையின்றிச் செந்நிறமாகக் கனலும் கரி நெருப்போ நல்ல பிள்ளைபோல் தோன்றுவது. அதனின்று எழும் காபன் மொனொக்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பின் மயக்கம், பின் தூக்கம். அத்தூக்கத்தினின்று எழாமற் போவோரும் உளர். நாற்புறமும் பிளாத்திக்குத் தாளால் இறுக மூடிய இஸ்தோப்பில் கரிச்சட்டியை வைத்துப் பாட்டிக்கு இதமாயிருக்கும் என்று எண்ணும் பேரன் அன்பினாலேயே அவ்வாறு செய்கிறான். தடுப்பின் மேற்பகுதி திறந்திருக்க வேண்டும் என்றதன் காரணம் இதுவே. கரிச்சட்டி திறந்த பக்கத்தில் இருக்கட்டும். உறங்கச் செல்லுமுன் அதனை முற்றத்திற்கு எடுத்துச் சென்று நீரூற்றி அணைத்துவிட வேண்டும். அணைந்ததுபோல் தோன்றும் தணலை மூடிய அறைக்குள் கொண்டு செல்லுதல் மிகப் பெரிய தவறு.

துரைமார் பங்களாக்களில் இக்கவலை இல்லை. அங்கே கண்ணாடி யன்னல் இட்ட விறாந்தையும், புகைபோக்கி கட்டிய கணப்பும் உண்டு. அக்கணப்பின் வெப்பத்திற் பெரும்பங்கு புகைபோக்கி வழியே வானுக்குப் போய்விடும் என்பது வேறு கதை. லயத்து வீடு குடியிருப்போருக்குச் சொந்தமன்று. தமதல்லாத சுவருக்குப் பலகை வாங்கப் பணம் செலவிடத் தொழிலாளர் தயங்குவதில் வியப்பில்லை. சாக்குத் தடுப்பின் சிறப்பு அங்கேதான் உள்ளது: வீடு மாறினால் அதனையும் கழற்றிக்கொண்டு போகலாம்.

இரவெல்லாம் பனியை ஏற்ற சாக்கு காலையில் நனைந்திருக்கும். நனைந்த சாக்கு காற்றைத் தடுத்தாலும் குளிரை உள்ளே வைத்துக்கொள்ளும். கொழுந்தெடுக்கப் புறப்படுமுன் அதனைக் கழற்றி வேலியில் உலர்த்திவிட்டுச் செல்வது தாயின் வேலை. பாடசாலை விட்டு வந்ததும் எடுத்துக் கட்டுவது பிள்ளைகளின் வேலை. இடைப்பட்ட பொழுதில் பாட்டியின் வாங்கைச் சுவரோரமாக வெயில் விழும் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தாற் போதும்.