தனியொருவர் கடையும் வருமான வரியும்

தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர்கள், வீட்டருகே மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. இவர்களுள் சிலர், “சம்பளத்துக்கு வரிப் பாரம் அனுப்பிவிட்டேன், கடை வேறு, நான் வேறு” என்று எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் சரியன்று.

தனியொருவர் நடத்தும் கடைக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற நிலை இல்லை. கடையின் லாபம் உங்கள் லாபம். கடையின் கடன் உங்கள் கடன். பெயரின் இறுதியில் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்றிருக்கும் நிறுவனம் தனி ஆளாகக் கருதப்படும். அது சி பாரம் அனுப்பும். நம் கடைக்கு அது தேவையில்லை.

தீபகற்ப மலேசியாவில், 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் அதைப் பதிவு செய்யவேண்டும். ஆனால், பதிவு செய்தால் மட்டும் வரிக் கடமை தீர்ந்துவிடாது.

சம்பளம் மட்டும் பெறுபவர் பி.இ. பாரத்தை ஏப்ரல் 30-க்குள் அனுப்புவார். தொழில் வருமானமும் உள்ளவருக்கு உரியது பி பாரம்; அதற்குக் கெடு ஜூன் 30. இரண்டையும் அனுப்பக்கூடாது. முதலாளி தரும் ஈ.ஏ. பாரத்திலுள்ள சம்பளத்தையும் கடை லாபத்தையும் அந்த ஒரே பி பாரத்தில் காட்டவேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 24,000 வெள்ளி. கடையில் விற்பனை 24,000 வெள்ளி. விற்ற சரக்கின் விலை 15,000, வாடகை 2,400, மின்சாரம் 600. ஆக, செலவு 18,000 வெள்ளி. லாபம் 6,000 வெள்ளி. அவர் காட்டவேண்டிய வருமானம் 30,000 வெள்ளி. இதிலிருந்து சட்டம் அனுமதிக்கும் கழிவுகள் போக, எஞ்சியதற்கே வரி.

கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்த பணத்தைக் கடைச் செலவாகக் காட்ட முடியாது. உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக் கழிக்கவும் முடியாது.

அதே கடையில் 3,000 வெள்ளி நட்டம் வந்திருந்தால்? அந்த ஆண்டுச் சம்பளத்தில் அதைக் கழித்து, 21,000 வெள்ளியைக் காட்டலாம். நட்டத்தை மறைத்து பி.இ. பாரம் அனுப்பியவருக்கு இந்த நன்மை கிடைக்காது. ஆகவே, நட்டம் வந்த ஆண்டிலும் பி பாரத்தையே அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் ரசீதுதான். சரக்கு வாங்கிய ரசீதில்லாமல் 15,000 வெள்ளிச் செலவு என்று சொன்னால், அதிகாரிகள் ஒப்புக்கொள்வது கடினம். ரசீதுகளையும் கணக்குப் புத்தகத்தையும் 7 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். பாரத்தோடு அவற்றை அனுப்பத் தேவையில்லை; கேட்கும்போது காட்டினால் போதும்.

ஒரு புத்தகம் வாங்குங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால், மாத முடிவில் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடை பிழைக்கிறதா, சம்பளத்தைத் தின்கிறதா என்பதையும் அந்தக் கணக்கே உங்களுக்குச் சொல்லிவிடும்.