தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டோம்

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜெர்மனி நாட்டின் பான் நகரப் பல்கலைக்கழகத்தில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ், 2024 அக்டோபர் தொடங்கி 2025 மார்ச் முடிய ஒரு பருவம் பயின்று திரும்பிய இருவர் சார்பில் இவ்வுரை அமைகின்றது. இருவரும் இக்கழகத்தின் இரவுப் பாடசாலையில் ஒரே பாயில் அமர்ந்து படித்தவர்கள். ஒருவரின் தந்தை கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. மற்றவரின் தந்தை நகராட்சித் தூய்மைப் பணியாளர். மேடையில் நிற்பவர் ஒருவரேயாயினும் 'நாங்கள்' என்றே பேச அனுமதி வேண்டுகிறோம். கழகத்தின் பணத்தில் சென்றவர்கள் கழகத்திற்குக் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர்கள் அன்றோ?

பணத்தைப் பற்றியே முதலில் பேசுவோம். பரிமாற்ற மாணவர்க்குக் கட்டணமில்லை என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் கண்டோம். அது மெய்யே, பயிற்றுக் கட்டணம் இல்லை. ஆனால் விசா வேண்டுமாயின், தங்கும் காலத்துச் செலவுக்கான தொகையை முன்னதாகவே ஒரு கணக்கில் செலுத்திக் காட்ட வேண்டும். அக்கணக்கு பூட்டிய உண்டியல் போன்றது. பணம் நம்முடையதுதான், எனினும் அப்போது மாதத்திற்கு 992 யூரோவுக்கு மேல் எடுக்க இயலவில்லை. ஆறு மாதத்திற்கு 5,952 யூரோ. அன்றைய மதிப்பில் ஆளுக்கு ஐந்து லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்க்கும் மேல்! பட்டியல் சாதி மாணவர்க்கென மத்திய அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, முதுகலைப் பட்டமோ ஆய்வுப் பட்டமோ முழுமையாகப் பயிலச் செல்வோர்க்கே உரியது. ஒரு பருவத்திற்குச் செல்வோர்க்கு அது உதவாது. இதை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்; நாங்கள் இதை அறியாமல் இரண்டு மாதங்களை வீணாக்கினோம்.

படிப்பகத்திற்கு மாடி எழுப்பச் சேர்த்த நிதியை எங்களுக்குக் கடனாகத் தருவதா என்று இதே மண்டபத்தில் இரவு பதினொரு மணி வரை வாதம் நடந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் மீது எங்களுக்கு இன்றும் வருத்தமில்லை. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: நூறு பிள்ளைகள் உட்காரும் மாடியா, இரண்டு பிள்ளைகள் போகும் விமானமா? அதற்கு இன்றும் எங்களிடம் முழு விடையில்லை. 'மாடி பொறுக்கும், விசா பொறுக்காது' என்று ஒரு பெரியவர் எழுந்து சொன்னதால் நாங்கள் போனோம்.

அங்கே எங்களைத் திகைக்க வைத்தது குளிரன்று, ரைன் நதியுமன்று. எங்கள் பெயர்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்னும் இடத்தில் நம்மவர்க்குப் பெரும்பாலும் தந்தையின் பெயரே இருக்கும். ஜெர்மனியிலோ ஆசிரியரும் அலுவலரும் ஒருவரைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பர். ஆண் என்றால் முன்னே 'ஹெர்' சேர்ப்பர். பெண் என்றால் 'ஃப்ரௌ' சேர்ப்பர். நம் மொழியில் 'நீங்கள்' என்பது போன்ற மரியாதைச் சொல்லும் உடன் வரும். முதல் வகுப்பில், நரைத்த தலையுடைய பேராசிரியர் வருகைப் பட்டியலைப் பார்த்து எங்கள் தந்தையர் இருவரின் பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாக மரியாதை அடைமொழியுடன் வாசித்தார். உடனே எழுந்து பதில் சொல்ல எங்களால் இயலவில்லை. ஊர்த்தெருவில் பத்து வயதுச் சிறுவன் 'டேய்' சேர்த்துக் கூப்பிடும் பெயர் அது. நகராட்சி மேற்பார்வையாளர் ஒருமையில் விளித்து ஏவும் பெயர் அது. ஆறு மாதமும் அப்பெயரால் நாங்கள் மதிக்கப்பட்டோம்.

அதனால் அந்நாடு சொர்க்கம் என்று எவரும் எண்ண வேண்டா. தோலின் நிறத்தைப் பார்த்தபின் 'அறை காலியில்லை' என்ற வீட்டுக்காரரையும் கண்டோம். மாணவர் விடுதியில் இடம் கிடைத்ததால் தப்பினோம்.

அவ்விடுதியின் பொதுச் சமையலறையில் தமிழ் கேட்டது. உள்ளம் குளிர்ந்தது. நம் மாநிலத்து மாணவர் ஒருவர் அன்புடன் பேசத் தொடங்கி, 'இது அப்பா பெயரல்லவா?' என்றார். பின், 'எந்த ஊர்?' என்றார். அதன்பின், 'ஊரில் எந்தப் பக்கம்?' என்றார். சொன்னோம். மறுநாள் அவருடைய பாத்திரங்கள் வேறு அலமாரிக்குச் சென்றிருந்தன. அயல்நாட்டவர் எவரும் கேளாத கேள்வியைக் கேட்க ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒருவர் வந்திருந்தார்.

தெற்காசியச் சமூகம் பற்றிய வகுப்பில், 'நகரங்களில் சாதி மறைந்துவிட்டது' என்று இந்திய மாணவர் ஒருவர் உரைத்தார். எங்களில் ஒருவர் அவ்வகுப்பில் இருந்தார், வாய் திறக்கவில்லை. இருவரில் எவர் என்று கூறமாட்டோம். மற்றவர் இருந்திருந்தாலும் அன்று அதுவே நிகழ்ந்திருக்கும். பேசினால் தன்னை வெளிப்படுத்த வேண்டும். அறையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பர். அன்றிரவு இருவரும் உறங்கவில்லை.

நூலகத்தில் அண்ணல் அம்பேத்கரைத் தேடினோம். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அவர், 1916 மே மாதம், தம் இருபத்தைந்தாம் வயதில், மானிடவியல் கருத்தரங்கொன்றில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நிலை அகமணமே என்று அந்நிய மண்ணில், அந்நிய மாணவர் நடுவே நிறுவினார். அவரே 1921-இல் இதே பான் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்திருந்தார் என்பதையும் அங்குதான் அறிந்தோம். அவர் அங்கு நெடுநாள் தங்கவில்லை. ஆயினும் அச்செய்தி எங்களுக்கு ஊன்றுகோலாயிற்று.

அடுத்த வாரம் எங்களில் ஒருவர் அக்கட்டுரையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டார். அம்பேத்கர் 1917-இல் பரோடா திரும்பியபோது தங்க அறை கிடைக்காது அலைந்ததையும், பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டதையும், பணியாட்கள் கோப்புகளை எட்ட நின்றே மேசையில் எறிந்ததையும் சொன்னார். பின் சமையலறை அலமாரியைப் பற்றியும் சொன்னார். பெயர் எதுவும் சொல்லவில்லை. முடித்ததும் மாணவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டினர். அங்கே கைதட்டலுக்கு மாற்று அதுவே. (முதல் நாள் அவ்வோசை கேட்டு, பேராசிரியரை எதிர்க்கிறார்கள் போலும் என்று அஞ்சியிருந்தோம்.) சாதி மறைந்தது என்ற மாணவர் தட்டவில்லை. ஆனால் வெளியே வந்து, அக்கட்டுரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மதிப்பெண் பற்றி ஒரு சொல். அங்கே 1.0 என்பதே மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி. நாங்கள் 1.3 பெற்றுத் திரும்பினோம். கல்லூரி எழுத்தர் சான்றிதழைப் பார்த்து, 'இவ்வளவு செலவழித்து ஒன்றேகால்தானா?' என்று இரங்கினார். விளக்கக் கடிதம் வந்து சேர மூன்று மாதமாயிற்று. செல்வோர், கிளம்பும் முன்பே மதிப்பெண் மாற்றும் முறையை எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

ஊர் திரும்பிய மறுநாள், பெயர் அழைக்கப்பட்ட செய்தியைத் தந்தையரிடம் சொன்னோம். ஒருவர் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். மற்றவர், 'எப்படிச் சொன்னார்கள், சொல்லிக் காட்டு' என்றார். சொல்லிக் காட்டினோம். சற்றுப் பொறுத்து, அடுப்படியிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டு, 'இன்னொரு முறை சொல்' என்றார்.

கணக்கு: மாதச் செலவில் மிஞ்சியதும், பல்கலைக்கழக உணவகத்தில் தட்டுக் கழுவி ஈட்டியதுமாக ஆளுக்கு 1,40,000 ரூபாய் கழகத்திற்குத் திருப்பியிருக்கிறோம். எஞ்சியது மாதத் தவணையில் வரும். அடுத்த ஆண்டுக்கு இரவுப் பாடசாலையிலிருந்து மூவர் பெயர் கொடுத்துள்ளனர். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ எழுத்துப் பிழையின்றி எழுதும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.