காசு கொடுக்கும் முன் காணிப் பதிவகத்துக்குப் போங்கள்

(திரும்பி வந்த குடும்பங்களுக்காக ஹட்டனில் நடந்த கூட்டத்தில் பேசியது)



உங்களைப் போலத் திரும்பி வந்த ஓர் அம்மா என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். லயத்தில் ஒரு காம்பராவும் பின்னால் உள்ள மரக்கறித் துண்டும் அவருக்கு விற்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. முத்திரை ஒட்டியிருந்தது, இரண்டு பேர் சாட்சிக் கையொப்பமும் வைத்திருந்தார்கள். முகாமில் சேர்த்த காசும் மகளின் நகையும் அந்தத் தாளுக்குப் போய்விட்டன. "இது உறுதிதானே தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இன்று பேசுகிறேன்.

இலங்கையில் காணியை விற்பதென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அப்படித்தான். முத்திரை ஒட்டிய தாளோ, தலைவர்மார் கொடுத்த கடிதமோ உறுதி ஆகாது.

முதலில், அது யாருடைய காணி என்று கேளுங்கள். தோட்டக் காணிகளில் பெரும்பகுதி 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தின்போது அரசுக்குப் போனவை. 1992க்குப் பிறகு கம்பனிகள் அவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. கம்பனியே குத்தகைக்காரர் என்றால், லயத்தில் குடியிருப்பவர் அந்த நிலத்தை எப்படி விற்க முடியும்? 7 பேர்ச் காணியோடு வீடு கிடைத்தவர் விற்க வந்தாலும், உறுதி அவர் பெயரில் இருக்கிறதா, விற்பதற்குத் தடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தில் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தனியார் உறுதிக் காணி என்றால் உறுதியின் பிரதியை வாங்குங்கள். முன்பு எந்தப் பதிவேட்டில், எந்தப் பக்கத்தில் பதிந்தது என்ற இலக்கம் அதில் இருக்கும். அந்த இலக்கத்தோடு அந்தக் காணிக்குரிய காணிப் பதிவகத்துக்குப் போய், கட்டணம் கட்டிப் பதிவேட்டைத் தேடலாம். யார் யாருக்கு விற்றார், வங்கியில் ஈடு இருக்கிறதா, வழக்கு பதிந்திருக்கிறதா என்று அந்தப் பக்கம் சொல்லும். வழக்கமாக 30 வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். விற்பவரின் பெயர் அந்தத் தொடரின் கடைசியில் வர வேண்டும். வேறொருவருக்காக அற்றோணித் தத்துவத்தில் விற்கிறார் என்றால், அந்தத் தத்துவம் இன்னும் செல்லுமா, உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

நொத்தாரிசை நீங்களே தெரிவு செய்யுங்கள். விற்பவர் கூட்டி வருபவர் வேண்டாம். "பதிவேடு தேடத் தேவையில்லை" என்று எழுதிக் கையொப்பம் கேட்டால் வைக்காதீர்கள். உறுதி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதினால் நல்லது. எழுதிய உறுதியை உடனே பதிவு செய்யுங்கள். அதே காணியை இன்னொருவர் வாங்கி உங்களுக்கு முன் பதிந்துவிட்டால், சட்டம் அவர் பக்கம் சாயக்கூடும்.

கடைசியாக, மண்ணையும் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. நம் மாவட்டத்தில் வீடு கட்ட முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எடுக்க வேண்டும். காணி வாங்கும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள். உறுதி சரியாக இருந்தும் வீடு கட்ட முடியாத காணி நமக்கு எதற்கு?

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "பதிவகத்தில் பார்த்துவிட்டு வருகிறேன்." காணி உண்மையில் அவருடையது என்றால் அவர் காத்திருப்பார்.