ஓடு அளந்த எழுத்தாளர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என் செட்டில் பலர் கடல் கடந்து போய்விட்டார்கள். நான் ஒரு சின்ன நகராட்சியில் பொறியாளர். போன சந்திப்பில் ஒரு நண்பன், "இன்னும் சாக்கடைதான் கட்டிக்கிட்டிருக்கியா?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது எனக்குத் துணைக்கு வந்தவர் புளூட்டார்க். கி.பி. 46 வாக்கில் கிரேக்க நாட்டில் கெரோனியா என்ற சிற்றூரில் பிறந்தவர். ஏதென்சில் படித்தார், ரோமாபுரியில் சொற்பொழிவாற்றினார், ரோமானியக் குடியுரிமையும் பெற்றார். கிரேக்க, ரோமானியப் பெரியவர்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு எழுதினார். தாமஸ் நார்த் 1579இல் வெளியிட்ட அதன் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்துதான் ஷேக்ஸ்பியர் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்துக்குக் கதை எடுத்தார்.

அப்பேர்ப்பட்டவர் எங்கே வாழ்ந்தார்? சொந்த ஊரில்! தானும் போய்விட்டால் சின்ன ஊர் இன்னும் சின்னதாகிவிடுமே என்று அங்கேயே தங்கிவிட்டார். டெல்பி கோயிலில் பூசாரிப் பொறுப்பு, ஊரில் பொதுவேலை. கட்டடத்துக்கு வந்த ஓடுகளை அளக்கும்போதும், கல்லும் கலவையும் இறக்கும்போதும் பக்கத்தில் நின்று பார்ப்பார். வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். இது எனக்காக அல்ல, என் ஊருக்காக என்பதுதான் அவர் பதில்.

தீப்ஸ் நகரத்து எபமினாண்டஸ் கதையையும் அவர் சொல்கிறார். அவரை அவமானப்படுத்த, தெருக் கழிவையும் சாக்கடையையும் கவனிக்கும் பதவியைக் கொடுத்தார்களாம். அந்தப் பதவிக்கே அவர் மரியாதை தேடித் தந்துவிட்டார்.

இன்னொன்று. இளைஞர் புளூட்டார்க்கையும் வேறொருவரையும் ரோமானிய ஆளுநரிடம் தூது அனுப்பினார்கள். மற்றவர் வழியில் தங்கிவிட, இவர் தனியாகவே காரியத்தை முடித்தார். ஊர் திரும்பியதும் அப்பா சொன்ன புத்தி: சபையில் 'போனேன்' என்று சொல்லாதே, 'போனோம்' என்று சொல்.

தம்பி தங்கைகளே, எங்கே வேண்டுமானாலும் போங்கள், நன்றாக இருங்கள். ஊரில் தங்கியவனைத் தோற்றவன் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஜல்லி லோடு வந்தால் இப்போது நானே டேப்பைப் பிடித்து அளக்கிறேன். மேஸ்திரியும் தூய்மைப் பணியாளர்களும் கூட நிற்கிறார்கள். அந்த நண்பன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு என் பதில்: "ஆமாண்டா, சாக்கடைதான் கட்டிக்கிட்டிருக்கோம்!"